ஒரே கடைக்கு இரண்டு வேண்டுதல்

ஆறுமுகம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கன்னியம்மாளின் உச்சியில் ஊற்றி, இரண்டு கையாலும் மாவு பிசைகிற மாதிரி பிசைந்தார். சரவணப்பொய்கைக்குப் பக்கத்து முடிக்கொட்டகையில் காலமெல்லாம் கத்தி பிடித்த மனுஷன். பெண்பிள்ளை முடி என்றால் நடுவகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அப்போதுதான் காணிக்கை தரையில் சிதறாமல் கொத்தாகக் கைக்கு வரும். "இவ்ளோ முடியாம்மா? நல்லா யோசிச்சிதான் வேண்டிகினியா?" என்று கேட்டார். "இதுல யோசிக்க இன்னா கீது நைனா? கேட்டேன், குடுத்தான். நானும் குடுத்துட்டுப் போறேன்" என்றாள் கன்னியம்மாள். கல்யாணமாகி வந்த புதிதில் ஊரே கண் வைத்த முடி அது. போகட்டும், மயிர்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது.

அவள் கேட்டது வேறொன்றுமில்லை. பஜாரில் சந்திரமோகன் நடத்திய பிரவுசிங் சென்டர் மூடவேண்டும், அவ்வளவுதான். வெளியே பார்த்தால் ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட் என்று போர்டு தொங்கும். உள்ளே பலகைத் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் சூதாட்டம். அந்த 2008ஆம் வருஷக் கோடையில்தான் தினமும் சாயங்காலம் இருபது ஓவர் மேட்ச் என்று புதிதாக ஒன்று கிளம்பியிருந்தது. முன்பெல்லாம் என்றைக்கோ ஒரு மேட்ச், என்றைக்கோ ஒரு தண்டம். இப்போது தினம் தினம் திருவிழா. கனகம்மாசத்திரத்துப் பக்கம் பாட்டன் காலத்து நிலத்தை உழுதுகொண்டிருந்த அவள் புருஷன் கண்ணையன், ஜென்மத்தில் மட்டையைக் கையால் தொடாதவன், எவன் எந்த ஓவரில் அவுட் ஆவான் என்று வரப்பில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். முதலில் கறவை மாடு போனது. அப்புறம் ஒருநாள் அவள் தண்ணீர் பாய்ச்சப் போனபோது கிணற்றில் மோட்டாரைக் காணோம். பூ வைத்த கத்தரிச்செடி நின்ற நிலையில் காய்ந்தது. அதைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் ஒரு தரகன் வந்து வரப்பைச் சுற்றி நடந்து, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்குத்தான் அவளுக்கு இது எங்கே போய் முடியும் என்று உறைத்தது. நிலமும் போய்விட்டால் வயசுக்கு வந்த மகள் தமிழ்செல்வியை இழுத்துக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பது?

அழுது பார்த்தாள், சோறு போடாமல் பார்த்தாள், "யோவ், நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று நடுவாசலில் நின்று கேட்டும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். மறுநாள் மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சட்டையை மாட்டிக்கொண்டான். அவனைத் திருத்துவதைவிடக் கடையை மூடுவது சுலபம் என்று அவளுக்குப் பட்டது. திங்கட்கிழமை தோறும் பஸ் பிடித்துத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாங்கி வைப்பதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அப்புறம்தான் மலையேறி நின்று, "அந்தக் கடைய மூடிடுப்பா, மொட்டை போட்டுக்கறேன்" என்றாள்.

போன வாரம் ஜீப் வந்தது. கடைக்குச் சீல் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டிகளை ஷேர் ஆட்டோவில் அடுக்கிக்கொண்டு போனார்கள். இளைஞர் நலன் கருதி அரசு அதிரடி என்று பேப்பரில் வந்தது. டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வரி வராத காசு, அதான் கவர்மெண்டுக்கு வயித்தெரிச்சல் என்றார் ஒருத்தர். அடுத்த வருஷம் எலெக்‌ஷன் வருதுல்ல என்றார் இன்னொருத்தர். கன்னியம்மாளுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. பாதி அவள் கொடுத்த மனு, பாதி முருகன். விடிந்ததும் புருஷனையும் தேங்காய்த் தட்டையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

கத்தி வலது பக்கம் ஓடியது. முடிச்சோடு ஒரு கொத்து மடியில் விழுந்தபோது தலை அந்தப் பக்கம் மட்டும் லேசாகிக் காற்று பட்டது. அடுத்த பலகையில் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மழித்துக்கொண்டிருந்த ஆள், "இன்னா வேண்டுதலுங்க?" என்று பேச்சுக் கொடுத்தான்.

"ஆங், பஜார்ல அந்த பிரவுசிங் கடைய மூடினா மொட்டைன்னு வேண்டிகினேன். மூடிட்டான் பாரு!" என்றார் அவர்.

கன்னியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம்மைப் போல இன்னொரு ஜீவன். எத்தனை வீட்டு வயிற்றெரிச்சல் சேர்ந்து அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறது! கத்தி இருப்பதையும் மறந்து சட்டென்று திரும்பினாள். ஆறுமுகம் "அய்யோ" என்று கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க வூட்லயும் யாராவது ஆடினாங்களா?"

அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாம ஆடறவங்க இல்லம்மா, ஆட வுடறவங்க. ஜம்புலிங்கம் லாட்ஜுன்னா தெரியாதா? மாடில நாலு ரூம்ல அந்த வேலதான் நடக்குது. அந்தப் பையன் கீழ கடைய போட்டுகினு நம்ம ஆளுங்கள எல்லாம் இழுத்துகினே இருந்தான். மேலேர்ந்து ஆர்டர் வந்துதாம், ஊருக்கு ஒண்ணாவது மூடிக் காட்டணும்னு. எதை மூடறதுன்னு போலீசுல யோசிச்சிகினு இருந்தாங்க. நான் கைய காட்டினேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, பக்தியோடு, "முருகன் நம்மள கைவுடலம்மா" என்றார்.

கன்னியம்மாள் மடியில் கிடந்த கொத்தைப் பார்த்தாள். ஒரே சாமி, ஒரே கடை. அவள் வேண்டியதும் அதே, இந்த ஆள் வேண்டியதும் அதே. அப்படியானால் சாமி யார் பேச்சைக் கேட்டது? மலைப்பக்கம் பார்த்து, நீயுமாடா என்று திட்டலாம் போல வந்தது. சரி, போகட்டும், எவன் காரணத்துக்கு மூடினால் என்ன, மூடியது மூடியதுதானே, நம் வீட்டு ஆள் போகாமல் இருந்தால் போதும் என்று ஒரு கணம் மனசைத் தேற்றக்கூடப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஜம்புலிங்கம் பாதி மழித்த தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார்.

"அட, கண்ணையா! இன்னாய்யா ரெண்டு நாளா மாடிப் பக்கம் காணோம்?"

வாசலில் தட்டோடு நின்ற கண்ணையன் கேட்காதவன் மாதிரி குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். தட்டில் தேங்காய் உருண்டு கற்பூரப் பொட்டலத்தில் முட்டியது.

கன்னியம்மாள் எழுந்தாள். மடியில் கிடந்த முடிக்கொத்தை எடுத்துக் காணிக்கைக் கூடையில் போட்டாள். கொடுத்தது கொடுத்ததுதான், அதில் மோசம் செய்யமாட்டாள்.

"யம்மா, பாதில எழுந்திருக்கக் கூடாதும்மா! சாமி குத்தம்!" என்று பதறினார் ஆறுமுகம்.

"வேலையே பாதிதான நைனா முடிஞ்சிகீது. இந்த முடிச்சு அப்படியே இருக்கட்டும். மிச்சம் முடிஞ்சதும் உங்ககிட்டயே வரேன்."

முந்தானையைக்கூட இழுத்துத் தலையை மூடிக்கொள்ளவில்லை. வலது பக்கம் மொட்டையாக, இடது பக்கம் ஈர முடி முடிச்சோடு தோளில் தொங்க, சந்நிதித் தெருவில் இறங்கி நடந்தாள். பூக்கடைக்காரி மாலையைக் கட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்தாள். ஆந்திராவிலிருந்து வேனில் வந்திறங்கிய கூட்டம் தெலுங்கில் என்னவோ கேட்டது. கண்ணையன் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். "ஏய், இன்னாடி இது அசிங்கம்? ஊரு சிரிக்குது. வூட்டுக்குப் போயி பேசிக்கலாம், நில்லுடி!"

"மோட்டாரைக் கழட்டினப்ப சிரிக்காத ஊரா? இப்ப சிரிக்கட்டும்" என்றாள், நடையை நிறுத்தாமல்.

போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாரா நின்ற போலீஸ்காரர் அவளைத் தடுக்கவேண்டும் என்பதையே மறந்து வழிவிட்டார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்து, பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

"இன்னாம்மா இது கோலம்?"

"வேண்டுதல் சார். சூதாட்டக் கடைய மூடினா மொட்டைன்னு வேண்டிகினேன். நீங்க பாதி மூடினீங்க, நான் பாதி போட்டுகினேன்."

உள்ளே யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "அதான் ரெய்டு பண்ணி சீல் வச்சாச்சே. பேப்பர்லயே வந்துது" என்றார்.

"ஜம்புலிங்கம் லாட்ஜு மாடில நாலு ரூமு கீது சார். அதை எழுதிக்குங்க. எழுதினப்புறம் போயி பாருங்க. பாத்துட்டு வந்து மிச்சத்த எப்ப போடறதுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இப்படித்தான் பஜாருக்கு வருவேன், கலெக்டர் ஆபீசுக்குப் போவேன். கேக்கறவங்களுக்கெல்லாம் காரணம் சொல்வேன்."

இன்ஸ்பெக்டர் அவள் தலையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே வேன் கூட்டம் கூடிவிட்டிருந்தது, ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். "சும்மா வாயால சொன்னா ஆச்சாம்மா?" என்றார், குரல் இறங்கியிருந்தது. "உள்ள போயி ஆடினவன் எவனாவது வந்து சொல்லணும். சாட்சி வேணும்ல? கீறானா?"

கன்னியம்மாள் திரும்பி கேட்டைப் பார்த்தாள். வா என்றும் கூப்பிடவில்லை, முறைக்கவும் இல்லை. இருபது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்துக் கண்ணையன் கண்டதில்லை. கூட்டத்துக்கு முன்னால் அவன் நின்றிருந்தான். தட்டைத் தரையில் வைத்தான். பாதித் தலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த தன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு ஸ்டேஷனுக்குள் போகிறவர்கள் எல்லோரும் கழற்றுகிற இடத்தில் ஒரு கால் செருப்பைக் கழற்றினான்.