நான்கு அங்குலச் சரிவு

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான். ‘நான்’ என்றே மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன். மூன்றும் எனக்கே வக்காலத்து வாங்கின. ஆகவே இனி ‘அவன்’.

2

பூங்காவில் இருபதடி அகலத்தில் சூரியக் கடிகாரம். வரைபடம் அவனுடையது; கல் பாவிய கொத்தனார் அவன் மனைவியின் அண்ணன்.

பாவி முடித்த அன்று உச்சிப்பொழுதில் நிழல் கோட்டின்மேல் கச்சிதமாக விழுந்தது. (அதோடு அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம்.) நான்கு மணிக்கு மூன்று நிமிடம் பிசகியது. மட்டம் பார்த்தான். தளம் கிழக்கே நான்கு அங்குலம் சரிந்திருந்தது.

“என்ன மச்சான் இது? மட்டமா இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“மட்டமா விட்டா மழைத்தண்ணி எங்க போகும், மாப்ள? தண்ணிக்கு மணி பாக்கத் தெரியாது, பள்ளம்தான் தெரியும்.”

“மூணு நிமிஷம் தப்பாக் காட்டுது.”

“கோடு இன்னும் சுண்ணாம்புதானே? அழிச்சிட்டு, சரிவுக்குத் தக்கபடி போடுங்க. உங்க கையில பென்சிலு, என் கையில இருபதடிக் கல்லு. எது சுலபம்?”

வேலையாட்கள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அவன் –

[இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். இதுவும் வக்காலத்துதான்.]

3

புதிதாகக் கோடு போட அரைநாள் கணக்கு போதும், அவனுக்குத் தெரியும். ஆனால் அன்றே நகராட்சி அலுவலகத்துக்குப் புகார் எழுதினான்: தேதி, பொருள், வரிசை எண்ணிட்ட மூன்று காரணங்கள். இரண்டாவது, ‘கொத்தனாரின் கவனக்குறைவு’. அவரை நிறுத்தினார்கள். அதன்பின் அந்த அலுவலகத்தின் எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடவில்லை.

வேறு ஆள் வந்து மட்டமாகப் பாவினார். முதல் மழைக்கே தண்ணீர் தேங்கி, பாசி பிடித்தது. இப்போது சுற்றிலும் கயிறு கட்டி, ‘வழுக்கும்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். நிழல் நிமிடம் பிசகாமல் விழுகிறது. கிட்டே போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை.

எட்டு வருடமாக மனைவி அண்ணன் வீட்டுக்குத் தனியாகவே போய்வருகிறாள்.

“நானும் வரட்டுமா?” என்று ஒருமுறை கேட்டான்.

“வேண்டாங்க. அண்ணன் ஒண்ணும் கேக்கமாட்டான், சாப்பிடத்தான் சொல்லுவான். அதை என்னால பாக்க முடியாது.”

4

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த ஒரு முடிவில் மச்சான் சிரித்துக்கொண்டே தோளில் தட்டினார். அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னொன்றில் அவர் இறந்துபோயிருந்தார். மன்னிப்புக் கேட்கும் வேலை எனக்கு இல்லாமல் போனது. அதையும் கிழித்தேன். மனிதர் மூன்று தெரு தள்ளி நன்றாகவே இருக்கிறார், குளியலறைகளுக்குத் தளம் போட்டுக்கொண்டு.

அவனை அவர் வாசல்வரை கொண்டுவந்துவிட்டேன். கதவையும் தட்டிவிட்டான். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்குகிறது. அவர் என்ன சொல்வார் என்று நான் எழுதினால், எனக்குச் சாதகமாகத்தான் வரும். நீங்களே எழுதுங்கள். அவனுக்காக இரக்கப்படவேண்டாம்.