பொன்னுச்சாமியின் வலது கை

படுக்கை விரிப்பின் மேல் சோணமுத்துவின் கை மறுபடியும் தம்பியின் கையைத் தேடி ஊர்ந்து வந்தது. பொன்னுச்சாமி சட்டென்று தன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

"வேணாம்ணே. சும்மா படு."

குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம் குழாய் பதிக்கிற சைட்டில் வெயிலில் சுருண்டு விழுந்த மனுசன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த அன்றே டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். ஒரு வாரம் ஓடியும் மூச்சு இழுத்துக்கொண்டே கிடந்தது. டாக்டருக்கு அது ஆச்சரியம். பொன்னுச்சாமிக்குக் காரணம் தெரியும்.

சோணமுத்து ஊரில் முனியசாமிக்கு உடுக்கடிக்கும் கோடாங்கி. குவைத்துக்கு வந்த பிறகும் விட்டாரா? வெள்ளிக்கிழமையானால் கேம்பில் காலிப் பெயிண்ட் டப்பாவைத் தட்டிக் குறி சொன்னார். அவர்கள் வம்சத்தில் சாமியாடி கண்ணை மூடுமுன் ரத்த உறவில் ஒருவன் கையைப் பிடித்துச் சாமியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க ஆளில்லாவிட்டால் உயிர் பிரியாது, கிடந்து உழலும். அப்பாவும் அப்படித்தான் உழன்றார். அண்ணன் போய்க் கையைப் பிடித்த மாத்திரத்தில் அடங்கிப்போனார். பொன்னுச்சாமி அதைத் தன் கண்ணாலேயே பார்த்தவன்.

ஆக, கையைக் கொடுத்தால் அண்ணன் போய்விடுவார். கொடுக்காதவரை இருப்பார். டூட்டிக்கும் போகாமல், இந்த ஒரே நினைப்பில் கையை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பைத்தியக்காரன். முனியசாமிக்கே டிமிக்கி கொடுக்கலாமென்று எண்ணம்!

கடைசியில் ஜாபர் சாதிக்தான் அவனைத் தன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கீழக்கரைக்காரர், ஃபஹாஹீலில் மளிகைக் கடை வைத்திருப்பவர். சோணமுத்துவுக்குச் சூடம் வரவழைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

"அண்ணிக்கிட்ட ஒரு வார்த்தை பேசு. அப்பறம் ஓன் இஷ்டம்" என்று கடைப் போனைக் கையில் கொடுத்தார்.

ஊரில் பக்கத்து வீட்டுப் போனுக்கு அண்ணி நாகவள்ளியைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"எப்புடி இருக்காக தம்பி?"

"இழுத்துக்கிட்டுக் கெடக்கு அண்ணி."

"கையைத் தேடுறாகளா?"

பொன்னுச்சாமி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"தேடுறாகளான்னு கேக்குறேன்ல?"

"ஆமா."

அவள் அழவில்லை.

"கையைக் குடுத்துருங்க தம்பி. எனக்காக அவுகளப் பிடிச்சு வைக்காதீக. பட்டது போதும் அந்த மனுசன்."

திரும்பி வந்தபோது சோணமுத்துவின் கண் கூரையைப் பார்த்திருந்தது. விரல்கள் மட்டும் விரிப்பைத் துழாவிக்கொண்டிருந்தன. நெஞ்சு ஏறி இறங்குகிற வேகத்தைப் பார்த்ததும் பொன்னுச்சாமிக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை நாளும் இதையா காப்பாற்றிக்கொண்டிருந்தோம்?

கையை வெளியே எடுத்து, அண்ணன் உள்ளங்கையோடு வைத்தான்.

"குடுண்ணே. நான் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா."

சோணமுத்து பிடித்த பிடியில் எலும்பு வலித்தது. கிடையில் கிடந்த உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ! பிறகு பிடி தளர்ந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

தன் உடம்பு ஆடுமென்று பொன்னுச்சாமி பயந்திருந்தான். ஒன்றும் ஆடவில்லை. அண்ணன் தோளில் முகத்தைப் போட்டு ஓவென்று அழுதான்.

"சேட்டா, கையை விடணும்" என்றாள் மலையாள நர்ஸ். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

வராந்தா பெஞ்சில் ஜாபர் சாதிக் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாந்தான் பாய் அனுப்பிவச்சேன்."

"தெரியும் பொன்னுச்சாமி. நீதான் அனுப்பணும்."

எழுந்து போய்ப் பாலில்லாத சுலைமானி டீ வாங்கி வந்து நீட்டினார். யாரிடமும் எதையும் இடது கையால் வாங்கிப் பழக்கமில்லாதவன், அன்று இடது கையை நீட்டினான். ஜாபர் சாதிக் கிளாஸை அதில் வைத்தார். அண்ணன் பிடித்த வலது கை மூடியபடி மடியிலேயே இருந்தது.