ஆல்டர் வளைவில் யாரும் கை நீட்டவில்லை

1

வந்திருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் முதலில்.

ஏவிஸ் டிரான்டர்: ஓடை வளையும் இடத்தில், ஆல்டர் மரத்துக்குச் சற்று மேல்நீர்ப் பக்கமாகக் கரையில், தன் பிரம்புக் கூடைமேல். க்ளெம் ப்ராபர்ட், ஏவிஸின் இறந்துபோன தங்கையின் கணவன்: அவளுக்கு வலப்பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். (எட்டும் தூரம் என்பதை நினைவில் வையுங்கள்.) நெஸ்டா ப்யூ, எங்கள் தூண்டில் கழகத்தின் ஓடைக் காவலர்: பின்னால் கரைச்சரிவில், கவிழ்த்துப் போட்ட பால் பெட்டிமேல், மடியில் பன்றிக்கறி அப்பத்தோடு. நான்: வேலிக் கதவோரம், மடக்கு நாற்காலியில். எதிர்க்கரையில் மாடுகள். அவை உட்காரவில்லை.

நான் கழகத்தின் செயலாளர். கழகத் தலைவிக்கு நான்கு வரிக் கடிதம் ஒன்று எழுத வேண்டியிருந்தது. எழுத உட்கார்ந்தேன், நான்காவது வரி எனக்கு அடங்கவில்லை. அந்த அடங்காத வரிதான் இந்தக் கதை. எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் கடிதத்துக்கு முறை சொல்லித் தந்தார்கள்: இடம், தேதி, பொருள், செய்தி, கையொப்பம். கதைக்கு எந்த முறையும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் ஆட்களை முதலில் உட்காரவைத்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று நினைத்தேன். உண்மையில், அன்று மாலை அவர்களை உட்காரவைத்திருப்பதுதான் முழு வேலையாக இருந்தது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மார்ச் மாதத்தின் பொன் வெயில் ஓடைமேல் உருகி வழிய—"

அடித்துவிட்டேன். வெயிலே இல்லை. வானம் ஈயத்தட்டு மாதிரி இருந்தது. தண்ணீர் ஆறிப்போன தேநீர் நிறம்.

இரண்டாவது முயற்சி: "ஏவிஸின் மணிக்கட்டு இனி ஒருபோதும்—"

இதையும் பாதியில் நிறுத்தினேன். இரக்கத்தில் ஆரம்பித்தால் ஏவிஸ் இதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவாள். பால் லாரி ஓட்டியே காலத்தைக் கழித்தவள். அவள் தட்டுவது தட்டுகிற மாதிரி இருக்காது.

ஆகவே நேராகவே சொல்கிறேன். எங்கள் ஓடையில் நல்ல வளைவுகள் சில உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மரமுளை அடித்திருக்கும், அதில் ஓர் உறுப்பினர் பெயர். பெயர் நிலைக்க வேண்டுமானால், ஜூனில் திறந்து மார்ச்சில் மூடும் தூண்டில் பருவம் முடிவதற்குள் அந்த இடத்தில் ஒரு மீனாவது பிடித்திருக்க வேண்டும். மூங்கில் பிளாச்சுகளை ஒட்டிச் செய்த கழி, பல்லில்லாத பழைய நூல் சக்கரம், இறகுத்தண்டுத் தக்கை, இவற்றை வைத்து. கழியையோ, மீனை அள்ளும் கைவலையையோ வேறு ஒரு கை தொட்டால் அந்த மீன் கணக்கில்லை. பெயர் போனால் வரிசையில் அடுத்தவருக்கு இடம் போகும்.

ஆல்டர் வளைவின் முளையில் இருப்பது ஏவிஸ் பெயர். போன ஜூனில் பருவம் திறப்பதற்கு முன்பே வேலிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கட்டு, பிறகு அறுவை, பிறகு குளிர்கால வெள்ளம். கை மிஞ்சியது, மணிக்கட்டு திரும்பவில்லை. நான் சொல்கிற மாலைதான் பருவத்தின் கடைசி மாலை.

வரிசையில் அடுத்தவன் க்ளெம்.

3

"ரொட்டி எப்படி இருக்கு?" என்றான் க்ளெம்.

காய்ந்த ரொட்டியும் நாறும் பாலாடைக்கட்டியும் சேர்த்துப் பிசைந்த இரை. அவள் கையால் பிசைய முடியாது என்று அவன்தான் காலையில் பிசைந்து கொண்டுவந்திருந்தான். இரையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

"உன் சாக்ஸ் வாசன வருது."

"சப் மீனுக்கு அதுதான் புடிக்கும்."

சப் என்பது எங்கள் ஓடையின் தடித்த உதட்டுக் கெண்டை. பித்தளைச் செதில், தேவாலயக் கதவு மாதிரி அகன்ற வாய், சந்தேகப் புத்தி. ஆல்டர் வேர்களுக்குள் ஒன்று கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்தவர் யாருமில்லை. பிடிப்பதும் எங்களுக்குத் தின்ன அல்ல, திரும்ப விட.

ஏவிஸ் கழியை இடக்கையில் பிடித்திருந்தாள். வலக்கைக்காரி. இலையுதிர் காலம் முழுக்கத் தன் தோட்டத்தில் முட்டைக்கோசுகளைக் குறிபார்த்து இடக்கையால் வீசிப் பழகியதைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்கிறார்கள். தக்கையின் சிவப்பு நுனி நீரில் நிமிர்ந்து நின்று, மெதுவாக வேர்களின் பக்கம் போயிற்று. சக்கர விளிம்பை இடது கட்டைவிரல் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதற்கு வேறு தடை கிடையாது. விரல்தான் தடை.

"தாயே, மீன் வந்தா வலைய எப்படித் தூக்குவ? ஒரு கைதான இருக்கு."

"அது என் பாடு."

"உதவி பண்ணவான்னு கேக்கறேன். அது தப்பா?"

"நீ உதவி பண்ணா எடம் உனக்கு வரும். நீ சும்மா இருந்தா எடம் எனக்கு இருக்கும். இதுல எது உதவின்னு நீயே சொல்லு."

நெஸ்டா அப்பத்தை மெல்வதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "க்ளெம், இதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் நீங்க வீட்டுக்குப் போகணும்."

4

(இங்கே ஒரு சந்தேகம். வாசகரே, க்ளெமை நான் எப்படி எழுதுவது?

ஒரு வரைவில் அவனை நரியாக எழுதினேன். இடத்துக்கு அலைகிறவன், உதவி என்ற பெயரில் வலையைத் தொட்டுவிடக் காத்திருப்பவன். நன்றாக ஓடியது; வில்லன் இருந்தால் கதைக்கு எண்ணெய் போட்ட மாதிரி. ஆனால் அந்த வரைவில் ரொட்டி இடிக்கிறது. நரி ஏன் விடியற்காலையில் எழுந்து ரொட்டி பிசைய வேண்டும்?

இன்னொரு வரைவில் வெள்ளை மனத்தவனாக எழுதினேன். அதில் அவன் கண் இடிக்கிறது. அந்த முளையை அவன் பார்க்கிற பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் அவன்தான் என்று எழுதினால் தப்பித்துக்கொள்வதாகச் சொல்வீர்கள். சொல்லுங்கள். நான் வேலிக் கதவோரம் இருந்தேன். அவன் முதுகுதான் தெரிந்தது.)

5

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் தக்கை நின்றது. முழுகவில்லை. யோசிப்பதுபோல நின்றது. பிறகு சிவப்பு நுனி சாய்ந்து, யாரோ கீழிருந்து மெதுவாக உறிஞ்சியது போல உள்ளே போயிற்று.

ஏவிஸ் இடக்கையால் சுண்டினாள். கழி அடிவரை வளைந்தது.

அப்போது எங்கள் ஆட்களுக்கு மட்டும் தவறாகத் தெரியும் ஒன்று நடந்தது. க்ளெம் எழுந்து நின்றான்.*

"ஆத்தாடி, அதுவேதான்," என்றான், கைவலையை நோக்கி ஓர் அடி வைத்தபடி.

அவன் நிழலுருவம் வானத்துக்கு எதிரே எழுந்ததும் தண்ணீருக்கடியில் ஒரு பித்தளை மின்னல் திரும்பியது. சக்கரம் கதறியது. ஏவிஸின் கட்டைவிரல் விளிம்பில் எரிந்தது. நூல் நேராக ஆல்டர் வேர்களுக்குள் போய், சுவரில் கட்டிய கயிறு மாதிரி நின்றுவிட்டது.

"சொருகிக்கிச்சு," என்றான் க்ளெம். "இழு, ஏவிஸ். இல்லனா கழிய என்கிட்ட குடு, நான் கீழ்ப்பக்கம் போய்—"

"நெஸ்டா, இவன் கையப் பாரு."

"க்ளெம், உக்காருங்க," என்றாள் நெஸ்டா. "ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு, அது மேல உக்காருங்க. ஆமா, அப்படித்தான்." பிறகு, எதையும் விட்டுவைக்காதவள், என் பக்கம் திரும்பினாள். "செயலாளரே, நீங்களும்."

நானும் என் கைகள்மேல் உட்கார்ந்தேன். நெஸ்டாவும், நியாயத்துக்காக, அப்பத்தைப் பெட்டியோரம் வைத்துவிட்டுத் தன் கைகள்மேல் உட்கார்ந்தாள். கரையில் மூன்று பேர், ஆறு கைகள், எல்லாம் எடை தாங்கிக்கொண்டு.

* தண்ணீரோரம் வானத்துக்கு எதிரே நிமிர்ந்து நிற்பது எங்களிடையே ஜெப நேரத்தில் சீட்டியடிப்பதற்குச் சமம். க்ளெம் சிறுவயதிலிருந்து தூண்டில் போடுகிறவன். வேண்டுமென்றே நின்றானா, நிற்காமல் இருக்க முடியாமல் நின்றானா என்று நான் கேட்கவில்லை.

6

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவு: நூல் தானாக வேரிலிருந்து விடுபட்டது. (யார் விடுவித்தது? நான்.)

இரண்டாவது வரைவு: மணிக்கட்டில் ஏதோ ஒன்று சட்டென இளகி, பழைய பலம் திரும்ப— (யார் கொடுத்த பலம்? என் பேனா கொடுத்தது.)

மூன்றாவது வரைவில் மீனைச் சற்றுச் சிறியதாக்கினேன். அதை எழுதியபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்றிலும் நான் கைவலையோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். வேறு ஒரு கை தொட்ட மீன் கணக்கில்லை. எழுதுகிறவன் கையும் கைதானே?

மூன்றையும் கிழித்தேன். பேனாவையும் சேர்த்துத் தொடைக்கு அடியில் வைத்தேன் என்று எழுத ஆசை. அப்படியானால் இதை எழுதுவது யார் என்று கேட்பீர்கள். சரி. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நீங்களும் தயவுசெய்து கைகளை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

7

ஏவிஸ் இழுக்கவில்லை. கட்டைவிரலைச் சக்கரத்திலிருந்து எடுத்தாள்.

முழுதாக எடுத்தாள். நூல் தொய்ந்து நீர்மேல் சுருண்டது. தக்கை மேலே வந்து செத்தது மாதிரி படுத்துக்கொண்டது.

"என்ன பண்ற?" க்ளெமின் குரல் கீச்சிட்டது. "விட்டுட்டியா? அடியே, விட்டுட்டியா?"

"அதப் புடிச்சு இழுக்கறது நான்தான்னு அதுக்குத் தெரியும். யாரும் இழுக்கலன்னா அது எதுக்கு உள்ளயே கெடக்கும்?"

மாடு ஒன்று நீர் குடித்தது. ஓடை தன் வேலையைப் பார்த்தது. க்ளெம் இடமும் வலமுமாக அசைந்து தன் கைகளை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கைகள்மேல் உட்கார்ந்திருப்பது அவன் செய்த வேலைகளிலேயே கடினமானது என்று இப்போதும் சொல்வேன். ஏவிஸ் காத்திருந்தாள். பால் பண்ணை வாசல்களில் காத்திருந்து பழகியவள். இடத்தை நினைத்தாளா? முளையில் தன் பெயரை? (நினைத்ததாக எழுதியிருந்தேன். பிறகு கேட்டபோது, "மூக்கு அரிச்சுது, சொறிய கை இல்ல" என்றாள். அதையே வைத்துக்கொள்கிறேன்.)

தக்கை நகர்ந்தது. நீரோட்டத்தோடு அல்ல, அதற்கு எதிராக. சுருண்ட நூல் ஒவ்வொரு வளையமாக நேரானது. சப் வேர்களை விட்டுத் தானாகவே நடு ஓடைக்கு வந்துகொண்டிருந்தது.

கடைசி வளையம் நேரானதும் கட்டைவிரல் திரும்ப இறங்கியது.

அதற்குப் பிறகு அது சண்டை. சண்டையில் அவள் ஏற்கெனவே வென்றிருந்தாள். விறைத்த வலக்கையால் சக்கர விளிம்பைத் தட்டித் தட்டி நூலைச் சுற்றினாள், குழந்தையை முதுகில் தட்டுவது போல. மூங்கில் ஒவ்வொரு இழுப்புக்கும் வளைந்து நிமிர்ந்தது. அவள் வலையை எப்படித் தூக்குவாள் என்று கேட்டான் அல்லவா க்ளெம்? தூக்கவில்லை. வந்ததுமே வலைப்பையை நீருக்குள் அமிழ்த்தி, நீளக் கைப்பிடியை மண்ணில் குத்திய கவட்டைக் குச்சிமேல் சாய்த்து, அதன் நுனியைத் தன் பூட்சுக்குப் பக்கத்தில் விட்டிருந்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம், யாருக்கும் புரியவில்லை. மீனை வலைக்கு மேலாக வழிநடத்திக் கொண்டுவந்தாள். பிறகு பூட்சால் கைப்பிடி நுனியை ஓங்கி மிதித்தாள்.

மறுமுனையில் வலை எழும்பியது. அதில் ஆல்டர் வளைவின் முழுச் சப்பும் இருந்தது, பித்தளை அண்டா மாதிரி.

நெஸ்டா எழுந்து தொப்பியைக் கழற்றினாள். மாடுகள்கூடத் தலை தூக்கின. (மாடுகள் தலை தூக்கியதை நான் சேர்த்துக்கொண்டேன். அது மீனைத் தொடவில்லை, அனுமதியுங்கள்.)

"நான் பெசஞ்ச ரொட்டியிலதான் வந்துச்சு," என்றான் க்ளெம். குரல் உடைந்திருந்தது, வாய் காதுவரை விரிந்திருந்தது. "அத மறந்துடாத."

"மீன்கிட்ட கையெழுத்து வாங்கித் தரவா?"

நெஸ்டா தராசை எடுத்தாள். ஏவிஸ் தலையசைத்து மறுத்தாள். "தராசுல தொங்குனா அது கறி. இது மீன்." குனிந்து, ஈரக் கையில் ஒரு கணம் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு நேராகத் திருப்பி விட்டாள். அது அவசரப்படாமல் போனது.

8

முடிவுக்கு மூன்று யோசனைகள் இருந்தன. ஏவிஸ் பெருந்தன்மையாக இடத்தை க்ளெமுக்குத் தருகிறாள்: அவளைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். இருவரும் மணந்துகொள்கிறார்கள்: இருவருமே என்னை ஓடையில் தள்ளுவார்கள். வேலிக் கதவருகே க்ளெம் ஏதோ சொல்ல வாயெடுத்து— இதுதான் நடந்தது. ஆனால் என்ன சொன்னான் என்பது காற்றில் போய்விட்டது. ஏவிஸ் மட்டும் சத்தமாகச் சிரித்தாள்.

கடிதத்தை இப்போது எழுதிவிட்டேன்.

"மதிப்புக்குரிய தலைவி அவர்களுக்கு. பொருள்: ஆல்டர் வளைவு. முளையில் பெயர் மாறவில்லை. ஏவிஸ் டிரான்டர் பிடித்த மீனை வேறு எந்தக் கையும் தொடவில்லை, மூவர் சாட்சி. மீனின் அளவு:"

அந்த இடம் காலி. தலைவி கேட்பார், எப்போதும் கேட்பார். கைகள்மேல் உட்கார்ந்திருந்தவன் அளந்து காட்ட முடியாது.

நீங்கள் இப்போது கைகளை வெளியே எடுக்கலாம். இரத்தம் ஓடட்டும். பிறகு, எங்கள் ஆட்கள் செய்வது போல, இரண்டையும் முன்னால் நீட்டி, அந்த மீன் எவ்வளவு என்று விரித்துக் காட்டுங்கள். இன்னும் கொஞ்சம். கூச்சப்படாதீர்கள், இன்னும்.

அப்படியே பிடித்திருங்கள். நான் உறையின் விளிம்பை நாவால் நனைத்து, ஒட்டி, அரசர் தலையுள்ள தபால்தலையை நேராகப் பதித்து, சந்து முனையின் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிறேன்.

போட்டாயிற்று.