கொட்டாவி விட்ட கரடி

குழந்தைகளுக்கான கார்ட்டூன் சேனல் தொடங்கிய முதல் நாள், மாலை ஏழு மணிக்கு, முயலைத் துரத்திக்கொண்டு ஓடிய நரி திடீரென்று காணாமல் போயிற்று. அது இருந்த இடத்தில் வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் உட்கார்ந்து வட்டி விகிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

யார் மீதும் தவறு இல்லை. புதுச் சேனலுக்கு நாள் முழுவதற்கும் அலைவரிசை கிடைக்கவில்லை. பகலில் கார்ட்டூன், ஏழு மணிக்கு மேல் அதே அலைவரிசையில் வேறொரு நிறுவனத்தின் வணிகச் செய்தி என்று ஏற்பாடு. பெரியவர்களுக்கு இது தெரியும். பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

மெத்தைக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள்தான் சேனலின் அலுவலகம். அங்கிருந்த தொலைபேசி அன்று ஓயவே இல்லை. "சார், எம் பொண்ணு டிவிக்குப் பின்னாடி போய் முயலைத் தேடிட்டிருக்கா. நான் என்னன்னு சொல்றது?" என்றார் ஒரு அப்பா. இன்னொரு வீட்டு அம்மா, அலறிக்கொண்டிருந்த பிள்ளையின் வாய்க்கு நேராக ரிசீவரைப் பிடித்தார், அவ்வளவுதான்.

சேனலை நடத்திய மேடம், எழுத்துக்காரரைக் கூப்பிட்டார். 'அடுத்து வருவது', 'விரைவில்' என்று திரையில் எழுத்துப் போடுகிறவர் அவர்.

"ஏழு மணி ஆகறதுக்கு முன்னாடி சின்னதா ஏதாவது காட்டணும். சேனல் தூங்கப் போகுதுன்னு பிள்ளைங்களுக்குப் புரியணும். அழாமப் புரியணும்."

"நம்ம கார்ட்டூன் எல்லாமே வெளியில வாங்கினதுதானே மேடம்? இங்க யாரு வரைவா?"

"நீங்கதான். மீட்டிங்ல பேப்பர் ஓரத்துல என் மூக்கை வரைஞ்சிட்டிருப்பீங்களே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

எழுத்துக்காரர் மேசையிலிருந்த பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கரடியை வரைந்தார். கரடி நன்றாகத்தான் வந்தது. படுக்க வைத்தால் மட்டும் மயக்கம் போட்டு விழுந்தது மாதிரி இருந்தது. ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம்.

கூடத்தில் மச்சான் படுக்கப் போய்க்கொண்டிருந்தார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், லிப்ட் மெக்கானிக். புது வீடு கிடைக்கும்வரை நாலு நாள் தங்குகிறேன் என்று பெட்டியோடு வந்தவர், வருஷக்கணக்கில் தங்கிவிட்டார். விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவர் என்பதால் வீட்டில் முதலில் படுக்கிற ஆளும் அவர்தான். தலையணையைத் தட்டினார். திருப்பிப் போட்டார். மோந்து பார்த்தார். திருப்தி இல்லாமல் மறுபடி பழையபடியே திருப்பினார். பிறகு வயிற்றைச் சொறிந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடி அதிரும்படி ஒரு கொட்டாவி விட்டார். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஒரு காலை மட்டும் வெளியே நீட்டினார். அந்தக் காலின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கியது.

எழுத்துக்காரர் பென்சிலைக் கீழே வைக்கவே இல்லை.

அவசர அவசரமாகச் செய்த படம். அரை நிமிஷம்கூட இருக்காது, சத்தமும் கிடையாது. அது முதன்முதலாக ஒளிபரப்பானபோது வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் இருந்தார்கள். கரடி தலையணையைத் திருப்பியதுமே மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அது எங்கண்ணன்தானே?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் தலையணைய மோந்து பாக்கறேனா?" என்று கேட்டார் மச்சான்.

"தினமும்!" என்றார்கள் தாயும் மகளும் ஒரே குரலில்.

மச்சான் யோசித்தார். "சரி, இருக்கட்டும். ஆனா சத்தமே வரலையே மாப்ள. கொட்டாவின்னா சத்தம் வேணாமா? இது என்னமோ மீன் வாயத் தொறந்த மாதிரி இருக்கு."

அடுத்த நாள் மதியம் எழுத்துக்காரர் அவரையே அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். மைக்கைப் பார்த்ததும் மச்சானுக்குக் கொட்டாவி வர மறுத்தது. விக்கல்தான் வந்தது. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன மேடம் தன்னை மறந்து ஒரு கொட்டாவி விட்டார். அது ஒலிப்பதிவாளருக்குத் தொற்றியது. அவரிடமிருந்து மச்சானுக்குப் போனது. அதைத்தான் பதிவு செய்தார்கள்.

அதன்பிறகு ஏழு மணிக்குத் தொலைபேசி அமைதியாக இருந்தது. கரடி படுத்தால் பிள்ளைகளும் படுத்தார்கள். கரடிக்கு நன்றி சொல்லச் சொல்லிப் பெற்றோர்கள் பகலில் கூப்பிட்டார்கள். எழுத்துக்காரர் கடைத்தெருவுக்குப் போனால், முன்பின் தெரியாத பிள்ளைகள் ஒரு காலை நீட்டிக் கட்டைவிரலை ஆட்டிக்காட்டுவதைப் பார்க்க முடிந்தது.

சேனல் வளர்ந்தது. ஒருநாள் முழுநேர அலைவரிசையும் கிடைத்துவிட்டது. கேக் வெட்டினார்கள். இனி மூடுவதே இல்லை என்றானபிறகு தூங்கப் போகிற கரடி எதற்கு? எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே தொலைபேசி மறுபடி அலறத் தொடங்கியது.

"மேடம், கரடி இன்னும் தூங்கலையாம். அது தூங்கற வரைக்கும் இவனும் தூங்க மாட்டானாம். எங்களுக்குக் கண்ணக் கட்டுது!"

மேடம் கரடியைத் திரும்பக் கொண்டுவந்தார். ஏழு மணிவரை சின்னப் பிள்ளைகளுக்கு, கரடி படுத்தபிறகு பெரிய பிள்ளைகளுக்கு என்று நிகழ்ச்சிகளையும் பிரித்துவைத்தார். கையோடு எழுத்துக்காரரையும் கூப்பிட்டார்.

"எத்தன நாளைக்குத்தான் வெளியிலேயே வாங்கிப் போடறது? இந்தக் கரடிய வெச்சு நாமளே ஒரு தொடர் பண்ணுவோம். உங்களுக்கு வரையறதுக்கு ஆளுங்க தர்றேன்."

அப்படித்தான் சேனலின் முதல் சொந்தத் தொடர் பிறந்தது. ஒரு சிக்கல்: இப்போது கரடி பேச வேண்டும். ஒலிப்பதிவுக் கண்ணாடி அறையில் நிறுத்தி மச்சானைப் பேசவைத்துப் பார்த்தார்கள். 'எனக்குப் பசிக்குது' என்பதை, லிப்டில் எழுதியிருக்கும் 'கதவருகே நிற்காதீர்கள்' என்கிற தோரணையில் சொன்னார். தொழில்முறை நடிகர் ஒருவரைப் போடுவது என்று முடிவாயிற்று. அதை மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று எழுத்துக்காரர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொல்லிவிட்டார்.

"அப்பாடா!" என்று துண்டை உதறினார் மச்சான். "நானே எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். அந்தக் கண்ணாடி ரூம்ல நிக்கறதுக்கு லிப்ட் குழியில தலைகீழாத் தொங்கலாம். ஆனா மாப்ள, கொட்டாவிய மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

கொடுக்கவில்லை. முதல் கதை ஒளிபரப்பான அன்று, படத்தின் முடிவில் பெயர்கள் ஓடின. வசனம், இசை, குரல். அதற்குக் கீழே, தனி வரியில், கொட்டாவி: மச்சானின் முழுப்பெயர், இனிஷியலோடு. அந்த எழுத்தை மட்டும் எழுத்துக்காரர் வேறு யாரிடமும் விடாமல் தன் கையாலேயே போட்டிருந்தார்.

மச்சானுக்கு வாயெல்லாம் பல். எழுந்து டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி மாப்ள. அந்தக் கரடிக்கு ஒரு வேலை வெட்டி வேணாமா? சும்மா தின்னுட்டுத் தூங்கினா பிள்ளைங்க என்ன கத்துக்கும்?"

"தபால் கொடுக்கட்டும்" என்றாள் மனைவி.

"அவ்வளவு தூரம் அது நடக்காது" என்றார் எழுத்துக்காரர்.

"பேக்கரி!" என்றாள் மகள். "ரொட்டி வேகறதுக்குள்ள தூங்கிடும். கருகிடும். அப்புறம் ஓடும்."

எழுத்துக்காரர் எழுந்துபோய்க் காகிதம் எடுத்துவந்தார்.