உறைக்காதவள்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவள் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தபோது தங்கையிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் எடுக்கமாட்டாள் என்பது தங்கைக்கும் தெரியும். தெரிந்தும் விடாமல் அடித்ததால் இயந்திரத்தை நிறுத்தி, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

தங்கை மகளுக்கு ஆட்டிசம் என்று உறுதியாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சந்தேகம் சொன்னதிலிருந்து தங்கை அலையாய் அலைந்தாள்; அன்று காலைதான் டாக்டர்கள் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். தங்கை அழுது ஓய்ந்த குரலில் பேசினாள்.

"குடும்பத்துல வேற யாராவது இப்படி இருக்காங்களான்னு டாக்டர் கேட்டாங்க. நான் உன்னச் சொல்லிட்டேன்க்கா."

அவள் சரி என்றாள்.

"கோபமா?"

"இல்ல. இங்க ஒரு லென்ஸ் பாதியில நிக்குது."

போனை வைத்துவிட்டு அந்த லென்ஸை முடித்தாள். பிரேமில் பொருத்தி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கடை அடைக்கும்வரை ஒரு லென்ஸும் பிசகவில்லை.

வீட்டில் சின்ன வயதிலிருந்தே அவளைக் கல்லு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா இறந்த அன்று வந்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அவள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை எல்லார் காதிலும் விழும்படி, பெத்த அப்பன் போயிருக்கான், இவ பந்தல்காரன் மாதிரி நாற்காலி போடுறா என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது போனில் ஆட்டிசம் பற்றித் தேடிப் படித்தாள். அவளைப் போலவே நாற்பதைத் தாண்டிய, ஆட்டிசம் உள்ள பெண்கள் தங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். கடைக்குப் போவதற்கு முன் பேச வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது. விசேஷ வீட்டுக்குப் போய்வந்தால் மறுநாள் முழுக்கப் பேச்சே எழாமல் கிடப்பது. புதுத் துணியின் கழுத்துப் பட்டையை வெட்டி எறிந்த பிறகே உடுத்துவது. எல்லாரும் இப்படித்தான், தனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனது. இறங்கித் திரும்பி நடந்தாள்.

அவள் கணவர் குழாய் வேலை செய்பவர். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அடைப்பை எடுப்பதற்குள் அந்த வீட்டுக் கதை முழுவதும் அவரிடம் வந்துவிடும். சாப்பிடும்போது அவள் விஷயத்தைச் சொல்லி, தானும் போய்ப் பரிசோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், உனக்கு ஒன்றும் இல்லை, நீ அப்படித்தான் என்றார். அப்படித்தான் என்றால் எப்படி என்று கேட்டாள். அவர் எழுந்து தட்டைக் கழுவினார். கழுவிய தட்டையே இன்னொரு தரம் கழுவினார்.

பிறகு டீவிக்கு எதிரே வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். அவளும் வழக்கம்போல அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் டீவியைப் போடவில்லை.

"அவங்க ஆமான்னு சொல்லிட்டா நான் ஒண்ணொண்ணா யோசிக்க ஆரம்பிச்சிருவேன். தினம் என் பக்கத்துல வந்து உக்கார்றியே, அது என் மேல இருக்கற பிரியமா, இல்ல இந்த இடம் பழகிப்போச்சான்னு."

பொய் சொல்லியிருக்கலாம். மற்ற பெண்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியும். ஆனாலும் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னாள்.

"ரெண்டும்தான்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு டீவியைப் போட்டார்.

மறுநாள் ஆட்டிசம் பார்க்கும் ஆலோசனை மையம் ஒன்றுக்குப் போன் செய்து விசாரித்தாள். சிறு வயதிலிருந்து அவளைத் தெரிந்தவர் யாராவது வந்து பேசினால் நல்லது என்றார்கள். அப்படிப் பார்த்தால் அம்மாதான். அம்மா தங்கை வீட்டில் இருந்தாள். விடுமுறை நாளில் அவள் போனபோது அம்மா கட்டிலில் துவைத்த துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மடித்தபடியே கேட்டாள். அம்மா வரமாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"சின்ன வயசுல இவ எப்படி இருந்தான்னு கேப்பாங்க. அப்புறம் நான் என்ன பண்ணேன்னு கேப்பாங்கல்ல?"

அம்மா என்ன செய்தாள் என்பது இருவருக்கும் தெரியும். வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசாவிட்டால் தொடையில் கிள்ளுவாள். கம்பளிச் சட்டை போடமாட்டேன் என்று அலறினால் குளியலறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவாள். உள்ளே சத்தம் அடங்கிய பிறகுதான் கதவு திறக்கும். அடங்குவதற்கு அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். பெண் திருந்திவிட்டாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டதுகூட அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

"இத்தன வருஷமா எது சொன்னாலும் உனக்கு உறைச்சதில்ல. இப்ப மட்டும் என்னடி உறைக்குது?" என்றாள் அம்மா.

தனக்குக் கோபம் வருகிறதா என்று அவள் பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. போர்வையின் ஒரு முனை அம்மா கையில், மறுமுனை அவள் கையில். இரண்டு பேருமாக மடித்து முடித்தார்கள். வாசல்வரை வந்த தங்கை, மனசுல வெச்சுக்காதக்கா என்றாள். மனதில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அவள் சொல்ல நினைத்தாள். அது தங்கைக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியதால் தலையை மட்டும் ஆட்டினாள்.

நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அம்மா கேட்டதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு வலிப்பதே இல்லையா, வலிப்பது தனக்குத் தெரிவதில்லையா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதைச் சொல்லக்கூடியவர்கள் எங்கேயாவது இருந்தால் போய்க் கேட்பதில் என்ன தப்பு? இது தங்கை மகளுக்காக இல்லை, யாரையும் குற்றம் சொல்வதற்காகவும் இல்லை. அங்கேயே நின்று மையத்துக்குப் போன் செய்து நாள் கேட்டாள். அம்மா வரமாட்டார், கணவர் வருவார் என்றாள். அவரை இன்னும் கேட்கவே இல்லை.

அவர் மறுக்கவில்லை; குறித்த நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினார். ஆலோசகர் அம்மாள் மெதுவாகப் பேசுபவர். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் எப்படி என்று கணவரிடம் கேட்டார்.

"கொஞ்ச நேரத்துல எனக்குத் தலைவலி வந்துரும்" என்றார் அவர். பிறகு அவள் பக்கம் பார்க்காமல், "நெஜமா வராது. இவ விரலைப் பிசைய ஆரம்பிச்சா அப்படிச் சொல்லுவேன். அவங்க கிளம்பிருவாங்க" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவருக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான்.

"அந்த மாத்திரையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"சட்டைப் பையில போட்டுக்குவேன்."

ஆலோசகர் அம்மாள் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அடுத்த தடவை போனபோது மையத்து வாசலில் அம்மா நின்றிருந்தாள். தங்கைதான் கொண்டுவந்து விட்டிருந்தாள். பேசுகிறேன், ஆனால் இவள் உள்ளே இருக்கக்கூடாது என்பது அம்மாவின் நிபந்தனை. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அம்மாவின் குரல் மட்டும் கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை.

வெளியே வந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணயும் விடல" என்றாள். மகள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, "அந்தம்மா என்னத் திட்டவே இல்லடி" என்றாள்.

திட்டியிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமோ என்றும் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.

முடிவு ஆமாம் என்று வந்தது. தங்கைக்குப் போன் செய்து சொன்னாள். தங்கை அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்தபடியே காத்திருந்தாள். பிறகு, குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்டாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.

எப்படி இருக்கிறது என்று கணவர் தினமும் கேட்டார். தெரியவில்லை என்றாள். சரி, நாளைக்குக் கேட்கிறேன் என்பார். ஒரு நாள் வேலை அலைச்சலில் அவர் கேட்க மறந்து, டீவிக்கு எதிரே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவளாகவே பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் வலிக்குது" என்றாள்.

எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஒரு கால் ஷூவோடு அப்படியே நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.