பிளசென்டா என்றால் பணியாரம்

மலையகத்துப் பசறையில் ஒரு பாடசாலையில் புவனேந்திரன் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தான். அந்தப் பாடத்துக்கு ஐந்தே பிள்ளைகள். உரோமரின் போர்களையும் தெய்வங்களையும்விட அவனுக்கு லத்தீன் சொற்கள்மேல்தான் ஆசை. ஓர் ஆங்கிலச் சொல் அகப்பட்டால் அதன் வேரைத் தோண்டிப் பார்க்காமல் விடமாட்டான்.

மனைவி தயானி தலைப்பிள்ளையைச் சுமந்திருந்தாள். ஏழாம் மாதம் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அப்படித்தான் வாசித்தான்.

"இங்க பாரு, பிளசென்டா பிரீவியான்னு போட்டிருக்கு. பிளசென்டான்னா உரோமருங்க தேனும் பாற்கட்டியும் வச்சு சுட்ட பணியாரம்."

"என் வயித்துக்குள்ள பணியாரமா?"

"நஞ்சுக்கொடி அந்த மாதிரி தட்டையா இருக்கிறதால அந்தப் பேரு. லத்தீன்ல பிரேன்னா முன்னுக்கு. வியான்னா பாதை."

தயானி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப பாதைய மறைச்சுக்கிட்டு இருக்கா? புள்ள எப்படிங்க வெளிய வரும்?"

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் சொன்னார்: ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், அதுவரை படுக்கையில் இருக்க வேண்டும், ஒரு சொட்டு இரத்தம் கண்டாலும் உடனே வர வேண்டும்.

அன்றிலிருந்து புவனேந்திரனே ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்தான், சமைத்தான், துணி துவைத்தான். அவள் கட்டிலை விட்டு இறங்கினால் கோபித்துக்கொண்டான்.

ஆபரேஷனுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மூன்று நாளாக விடாத மழை. சனிக்கிழமை காலையில், "ஏங்க" என்று அவள் கூப்பிட்ட குரலிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. விரிப்பு சிவந்திருந்தது.

பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்து அழகர் திரீவீலரைக் கொண்டுவந்தார். பதுளை ரோட்டில் நாலு வளைவு தாண்டவில்லை, மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. அம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். இந்தப் பக்கத்திலிருந்து தயானியை யார் கொண்டுபோவது?

மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டு இறங்கி வந்தார்கள். இராக்கம்மா என்பவள் நனையாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து விரித்தாள். தயானியை அதில் கிடத்தி ஆளுக்கொரு முனையாகத் தூக்கினார்கள். புவனேந்திரனும் ஒரு முனையைப் பிடித்தான். அவன் பிடியிலிருந்து படங்கு நழுவியது.

"சேர், நீங்க விடுங்க. கொடையப் புடிங்க, போதும்" என்றாள் இராக்கம்மா.

அவன் குடையைப் பிடித்தான். காற்று அதைப் புரட்டிப் பிடுங்கிக்கொண்டு போனது. முழங்கால் சேற்றில் அவர்கள் பின்னால் வெறுங்கையோடு நடந்தான்.

சரிவுக்கு அப்பால் நின்ற அம்புலன்ஸ் அவர்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். இரத்தம் நிற்கவில்லை, உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸ் தமிழில் சொன்னாள். அவன் எதையும் வாசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

தயானி பிழைத்தாள். பையன் இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள், மூச்சு சீராகிவிட்டது, இனிப் பயமில்லை என்றார்கள். ஆனால் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, இனிப் பிள்ளை பிறக்காது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? தினமும் சொல்ல நினைத்துப் போவான். "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவான்.

ஐந்தாம் நாள் அவளே பேச்சை எடுத்தாள். "என்னத்த எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியுங்க. நர்ஸ் முந்தாநாளே சொல்லிட்டாங்க."

"பின்ன ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். எல்லாத்துக்கும் விளக்கம் சொல்ற ஆளாச்சே."

வார்டே பார்த்திருக்க அவன் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்து அழுதான். அவள் தடுக்கவில்லை. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் தோளைத் தட்டினாள்.

"அந்தக் கோப்பைய எடுங்க. புள்ளைக்குப் பால் எடுக்கணும், நேரமாச்சு."

அவன் திரையை இழுத்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.