மூத்தவளுக்கு மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை

அந்த வீட்டில் மருமகள்கள் இருவருக்கும் எதை வாங்கினாலும் ஒன்றுபோல வாங்குவதுதான் வழக்கம். புடவை என்றால் ஒரே விலை, குடை என்றால் ஒரே அளவு. மாமியார் செய்துவைத்த ஏற்பாடு. அவர் காலத்துக்குப் பின்னும் அதில் இம்மி பிசகாமல் மூத்தவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துவந்தாள்.

ஓரகத்திகள் சேர்ந்து சலவைக்கடை நடத்தினார்கள். மாதவிலக்கு நின்ற வயதில் இருவருக்குமே உடம்பு திடீர் திடீரென்று தீயாய்க் கொதித்தது. இஸ்திரி மேஜை முன்னால் நிற்க முடியவில்லை. ஒரே டாக்டரம்மாவிடம் போனார்கள். இருவருக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, அதே வெள்ளை, அதே அளவு. ஆனால் மூத்தவளுக்குக் கூடவே மஞ்சளாக இன்னொன்று.

இளையவள் சீக்கிரமே தெளிந்துவிட்டாள். ஆவி பறக்கும் இஸ்திரியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள். மூத்தவளுக்கும் கொதிப்பு அடங்கியது உண்மைதான். ஆனால் காலையில் தலை கனத்தது. அந்தப் பாட்டு வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

“ஒண்ணோட விட்டுட்டாங்களே உன்னை. டாக்டரம்மாகிட்ட என்னடி சொன்ன?”

“நான் என்னக்கா சொன்னேன்? கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“பாக்கறவங்களுக்கு நான்தான் பெரிய நோயாளி.”

அன்றே மஞ்சளை நிறுத்தினாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை. தலைபாரமும் போகவே, தான் செய்ததுதான் சரி என்று முடிவு கட்டினாள்.

சில மாதங்களில், நின்றுபோன உதிரப்போக்கு திரும்பி வந்தது. வெலவெலத்துப் போய், இளையவளையே துணைக்கு அழைத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா விசாரித்ததும் உண்மை வெளியே வந்தது.

“ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியா போனா கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும்மா. புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். அதைத் தடுக்கத்தான் மஞ்சள். அவங்களுக்குக் கர்ப்பப்பையையே எடுத்தாச்சே, அது எதுக்கு?”

அந்த ஆபரேஷன் மூத்தவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. இளையவள் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருக்க, கடையைத் தான் ஒருத்தியே இழுக்க வேண்டியிருக்கிறதே என்று அப்போதும் வயிறெரிந்தவள்தான்.

“ஸ்கேன் பாத்துட்டு, உள்ளேர்ந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கணும்.”

“இவளுக்கும் எடுப்பீங்களா?” வாய் தானாகக் கேட்டுவிட்டது.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“எனக்கு எடுக்கறதுக்கு அங்க என்னக்கா இருக்கு?” என்றாள் இளையவள். “வேணும்னா வெளியில உக்காந்து நானும் உங்க அளவுக்குப் பயந்துக்கறேன்.”

மூத்தவள் கைப்பையை அவள் மடியில் வைத்தாள்.

“நடிக்காம பயப்படணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.